பாயிண்ட்

சீட்டில் என் பெயர் செங்கோட்டுவேல், வயது நாற்பத்தாறு.
தொழில் என்ற இடத்தில் லாரி என்று எழுதியிருந்தார்கள்.
திருச்செங்கோட்டில் அதுவும் சரிதான். திருத்தவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொன்னாள் பிரமிளா.
பச்சைக் கண்ணாடி.
பாசி பிடித்த கிணற்றுக்குள் இறங்கிவிட்டோம்,
நானும் கட்டிலும்
சுவரில் தொங்கும் எலும்புக்கூட்டுப் படமும்.

"பாயிண்ட் போட்டுக்கறேனுங்."
சிரித்துவிட்டேன்.
இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிற சொல்.
உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து
ஒருத்தர் காட்டுக்குள் நடப்பார்.
அது எழுந்து நிற்கிற இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு,
பொட்டின் மேல் என் ரிக் வண்டி.

இவள் விரலால் நடந்தாள்.
தோள்முனைக்கு ஒரு விரற்கடை கீழே
நான் "யம்மா" என்ற இடத்தில்
பேனாவால் ஒரு புள்ளி.
அப்படி ஆறு.

டார்ச் லைட் மாதிரி ஒரு குழாய். தொட்டு வைத்தாள்.
கீச்.
நாற்பது நொடி.
கீச். அடுத்த புள்ளி.
சூடு இல்லை, அதிர்வு இல்லை,
கொசு உட்கார்ந்தால் தெரிகிற அளவுகூட இல்லை.
"ஏனுங், ஓடுதுங்களா?"
"ஓடுதுங்."
"செவப்பா ஒண்ணு பாத்தனே, அதுங்களா?"
"அது எங்க வெக்கறோம்னு காட்டறதுக்கு.
வேலை செய்யறது கண்ணுக்குத் தெரியாதுங்."

எத்தனை ஆழம் போகும் என்று கேட்டேன். தொழில் புத்தி.
சுண்டுவிரலில் பாதியைக் காட்டினாள்.

சத்தீஸ்கரில் ஒரு காட்டில்
ஆயிரத்து நூறு அடி இறக்கினவன் நான்.
இருபதடி ராடு, ஐம்பத்தைந்து.
அத்தனையும் இந்தத் தோளைத் தொட்டுத்தான் இறங்கின,
இந்தத் தோளைத் தொட்டுத்தான் ஏறின.
கம்ப்ரஸர் சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டது.
வந்தது வெள்ளைப் புழுதி.
காட்டுக்காரர் வேப்பமரத்தடியில்
தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
இன்னும் ஐம்பது அடி பார்க்கலாம் என்று
எழுநூறு அடியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தவன் நான்தான்.
அந்த பாஷையில் எனக்குத் திக்காமல் வருகிற
ஒரே வாக்கியம்.

ஐந்தாம் நாள்.
சட்டையை இன்னும் இடது கையால்தான் மாட்டுகிறேன்.
நேற்று எழுபது டிகிரி, இன்று எழுபத்தைந்து
என்று ஏட்டில் குறித்தாள்.
பிறகு ஏட்டையே பார்த்துக்கொண்டு,
"இன்னும் அஞ்சு சிட்டிங் பாக்கலாமுங்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
பொய் இல்லாத குரல். நிச்சயமும் இல்லாத குரல்.
கீழே ஈரம் இருக்கும் என்று நிஜமாகவே நம்புகிறவனுக்கும்
அடிக்கணக்கில் காசு வாங்குகிறவனுக்கும்
ஒரே தொண்டை.

"வரலைன்னா?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினாள்.
மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த பள்ளம்.
"வலி தணியும்னுதான் வெக்கறோம்.
சில பேத்துக்குத் தணியுது. சில பேத்துக்கு இல்லீங்.
கையத் தூக்கறது லைட்டு இல்ல,
நீங்கதான் தூக்கோணும்."

இவ்வளவுதான்.
சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று
வண்டியை அணைத்துவிட்டு
துண்டு போட்ட அந்த மனுஷனிடம்
போய்ச் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

சுவரில் மரத்தால் ஒரு குட்டி ஏணி, விரல்கள் ஏற.
ஆள்காட்டி விரல், நடுவிரல்,
ஆள்காட்டி விரல்.
நேற்று பதினொன்றில் நின்றது.
வெளியே சங்ககிரி ரோட்டில் ஒரு ரிக் போகிறது.
ராடு குலுங்குகிற சத்தத்திலேயே
எத்தனை அடி வண்டி என்று சொல்லிவிடுவேன்.
இன்று கவனிக்கவில்லை.
பன்னிரண்டில் ஒரு விரலை வைத்து
மற்றதைத் தூக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கவுண்டரில் ஐந்துக்கும் சேர்த்தா என்று கேட்டார்கள்.
ஒண்ணுக்கு, என்றேன்.
பையன் ரசீது எழுத ஆரம்பித்தபின்,
இல்ல, ரெண்டாப் போட்டுருங்.